சும்மா கொடுத்த வெண்டை விதை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு விதை வாங்கத் தெரியவில்லை. பொட்டலத்தின் மேலே அச்சடித்த படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். படத்தில் தக்காளி சிவப்பாக இருந்தால் போதும். உள்ளே இருப்பது விதையா எலிப்புழுக்கையா என்று பிரித்துப் பார்க்கிறவன் ஒருத்தன் கிடையாது. முளைக்காமல் போனால் செல்போனில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டு, மறுநாளே அதே கடைக்காரனிடம் அடுத்த பொட்டலத்துக்குச் சொல்கிறார்கள். ஏமாறுவதற்கும் கொஞ்சம் வெட்கம் வேண்டாமா?

மாசானம் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. எழுபத்தொரு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாற்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவர். ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் அது எந்தப் பாத்தி உப்பு என்று சொல்லிவிடுவார். மனிதர்களை அப்படித் தேய்த்துப் பார்க்க முடியாது என்பதால் யாரையும் நம்புவதில்லை.

கடல் உள்ளே வந்து உப்பளங்களை எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே பாடுபட்டவர்களையெல்லாம் தூத்துக்குடிக்கு மேற்கே எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுவந்து அடைத்தார்கள். காய்கறி லாரி வாரத்துக்கு ஒரு தடவை வரும், வராமலும் இருக்கும். வந்தாலும் கத்தரிக்காயை விலை கேட்டுவிட்டு முகர்ந்து பார்த்து வைத்துவிட்டு வர வேண்டியதுதான். அதனால் மொட்டை மாடியில் வீட்டுக்கு ஆறு மண்தொட்டி கொடுத்து, விளைத்துத் தின்னுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தொட்டி கொடுத்தார்கள், மண் கொடுத்தார்கள். விதை மட்டும் உங்கள் பாடு.

அந்த விதைக்காக மாசானம் அலைந்த அலைச்சலை அவர் செருப்பைக் கேட்டால் சொல்லும். உரக்கடைப் பொட்டலம் யானை விலை; முதல் தடவை குலுங்கக் காய்த்தது, அந்தக் காயின் விதையைப் போட்டால் வெறும் இலையாக நின்றது. அவர் மனைவி பொன்னுத்தாய் செல்போனில் வரவழைத்த 'நாற்பது வகை நாட்டு விதை' நாற்பது தடவை ஒரே களையாக முளைத்தது. புதன் சந்தையில் கூறு கட்டி விற்கிற விதை மலிவு, முளைக்கவும் செய்யும். ஆனால் பாகல் என்று வாங்கினது பீர்க்காக வந்து நிற்கும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால்தான் அந்தப் பச்சை வேன் வந்தது. 'வேர்ப்பதிவு' என்று ஒரு கம்பெனி. வீட்டுக்கு வீடு ஒரு வெள்ளைப் பொட்டலம், உள்ளே வெண்டை விதை, காசு வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு கைப்பிடி விதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. எதற்காகச் சும்மா கொடுக்கிறீர்கள் என்று மாசானம் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் 'ஆராய்ச்சி' என்றே பதில் வந்தது.

பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்தார். நாலாம் நாள் பத்தும் முளைத்திருந்தது. அவருக்கு அதுவே பிடிக்கவில்லை. குற்றம் சொல்ல ஏதாவது ஒன்று இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். குழாயில் வந்த உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த வெண்டை வெயிலில் நின்று காய்த்தது. நுனி பட்டென்று ஒடிந்தது. அவர் இரண்டு பருவம் கைப்பிடி விதையைக் கணக்காகத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் பருவம் வேன் வரவில்லை. கேட்க ஆளில்லை என்றானதும் எல்லோரும் அதைத் தங்கள் விதையாகவே நினைத்துக்கொண்டார்கள்.

பொன்னுத்தாய்க்கு ஒரு கொள்கை உண்டு. ஒரே தொட்டியில் எடுத்த விதையை மூன்றாவது தடவை அதே தொட்டியில் போட மாட்டாள். "பொண்ணும் வெதையும் பொறந்த வீட்டுலயே கெடந்தா வெளங்காது" என்பாள். ஒரு கை விதையை எதிர்க் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டு அங்கிருந்து ஒரு கை வாங்கி வருவாள். அங்கே இருப்பவளும் அப்படித்தான். உப்பளத்துக்கு வருவதற்கு முன்னால் அவர்கள் ஆத்தாமார் கரிசல் காட்டில் செய்த வழக்கம் அது. விதை மண் மாற வேண்டும். அந்தக் குடியிருப்பில் பதினான்கு கட்டடம். விதை பதினான்கையும் எத்தனை சுற்று சுற்றியது என்று யாருக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலையில், கையில் ஒரு கடிதத்தோடு ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். லிஃப்ட் ஓடாததால் ஆறு மாடி ஏறி வந்து, மூச்சு அடங்கும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேர் ஜெபக்கனி, திரேஸ்புரத்தில் தையல் வேலை என்றாள். பொன்னுத்தாய் தண்ணீர் கொடுத்தாள். மாசானம் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். பச்சை வேனில் இருந்த அதே முத்திரை.

"அண்ணாச்சி, ஒங்க வெண்டி வெதையில ஒரு கைப்பிடி வேணும்" என்றாள் ஜெபக்கனி.

"சந்தையில கெடக்கே."

"அது இல்ல. ஒங்க வீட்டு வெதையிலதான் எம் மவன் இருக்கான்."

பொன்னுத்தாய் செம்பைக் கீழே வைத்தாள். மாசானம் அந்தப் பெண்ணின் முகத்தை நன்றாக ஒரு தடவை பார்த்தார். பைத்தியம் மாதிரித் தெரியவில்லை. பைத்தியமாக இருந்திருந்தால் தேவலை என்றுகூட அவருக்குத் தோன்றியது.

அவள் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். மகன் பேர் டைட்டஸ். ஆறு வருஷத்துக்கு முன்னால், இருபத்து மூன்று வயதில், காய்ச்சலில் போய்விட்டான். போனில் அவன் அனுப்பிய பேச்சு மூன்று மட்டும் அவளிடம் இருந்தது. போன் என்றைக்கு வேண்டுமானாலும் கெட்டுப்போகும், நாங்கள் என்றைக்கும் அழியாமல் வைத்துத் தருகிறோம் என்று வேர்ப்பதிவுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பேச்சின் சத்தத்தையே எழுத்தாக்கி, எழுத்தை விதைக்குள்ளே இருக்கும் மரபணுச் சங்கிலியில் எழுதிவிடுவார்களாம். செடி ஒவ்வொரு விதை போடும்போதும் அந்த எழுத்தையும் சேர்த்துப் படியெடுக்கும். மிஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம். தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் இருந்தால் போதும். போன வருஷ வெள்ளத்தில் கம்பெனியின் கிட்டங்கி முங்கிப்போனது. அவளுடைய போனும் அதற்கு முன்பே செத்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது தோட்டங்களில் இருக்கிற விதை மட்டும்தான். வீட்டுக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்ததில், டைட்டஸ் இந்த வீட்டுப் பொட்டலத்தில் இருந்தான் என்று கம்பெனி ஏடு சொல்கிறது. விதையைக் கொண்டுவந்தால் மிஷினில் போட்டு அவன் பேச்சைக் கேட்க வைப்பதாகச் சொல்லி, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அவன் என்ன பேசினான்னு எனக்கு மறக்கல அண்ணாச்சி. சத்தம் மறந்துட்டு வருது. போன மாசம் வரைக்கும் காதுல இருந்துச்சு. இப்ப நெனச்சா வேற யாரோ பேசுத மாதிரி இருக்கு."

வியாழக்கிழமை கம்பெனிக்கு நானே கொண்டு வருகிறேன் என்று மட்டும் மாசானம் சொல்லி அனுப்பினார். அவள் படி இறங்கிய பிறகு பொன்னுத்தாய், வந்த பொம்பளைக்கு இப்போதே ஒரு கை அள்ளிக் கொடுத்தால் என்ன கையா தேய்ந்துவிடும் என்று கேட்டாள். அவர் மாடிக்குப் போனார். முற்றி வெடித்த வெண்டை நெற்றுகள் காற்றில் கிலுகிலுத்தன. ஒன்றை உடைத்துக் கையில் கொட்டிக்கொண்டார். சாம்பலும் பச்சையும் கலந்த உருண்டைகள். தேய்த்துப் பார்த்தார், கடித்துப் பார்த்தார். வெண்டை விதை வெண்டை விதையாகத்தான் இருந்தது. இதற்குள் ஒருவன் இருக்கிறான் என்று சொன்னால் எவன் இல்லையென்று காட்ட முடியும்? பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாலும் ஆமாம் என்பாள். மூன்று பேச்சும் அவர்களிடமே எங்காவது பத்திரமாக இருக்கும். விதை சும்மா ஒரு சாக்கு.

அப்படியானால் எதற்கு இந்தச் சாக்கு? அதுதான் பிடிபடவில்லை. இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. நடுச் சாப்பாட்டில் எழுந்து மாடிக்குப் போய்த் தொட்டிகளை எண்ணிவிட்டு வந்தார். பொன்னுத்தாய், "மருமவனுக்குக் காத்துக் கெடக்கியளா?" என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை சந்தைக்குப் போய், முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம் வெண்டை விதை ஒரு கூறு வாங்கினார். அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சொந்த விதையை ஒரு துணியில் முடிந்து வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். சந்தை விதையை முதலில் கொடுப்பது. அதில் பையன் பேசினால் மிஷின் திருட்டு மிஷின். பேசாவிட்டால் மடியை அவிழ்த்து நல்ல விதையைக் கொடுத்துவிடலாம், அந்தப் பெண்ணுக்கும் நட்டமில்லை. இதை அவர் பொன்னுத்தாயிடம்கூடச் சொல்லவில்லை.

கம்பெனி இருந்தது பாளையங்கோட்டையில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில். பந்தி நடக்கும் கூடத்தில் கண்ணாடித் தடுப்புகள் போட்டு, உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர வைத்திருந்தார்கள். மிஷினைப் பார்த்துக்கொண்டவர் காஜா மைதீன், நாற்பது வயதுக்காரர், சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தார். மரியாதையான மனிதர். மாசானத்துக்கு மரியாதையான மனிதர்களிடம்தான் பயம் அதிகம்.

ஜெபக்கனி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குக் கட்டுகிற புடவை. மாசானம் காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டியபோது அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, காஜா மைதீனிடம் கொடுத்தாள்.

விதையைப் பொடித்து, கரைத்து, ஒரு குழாய்க்குள் விட்டார்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மாசானம் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், வெளியே போய் வந்தார். மடியில் இருந்த முடிச்சு இடுப்பைக் குத்திக்கொண்டே இருந்தது. ஜெபக்கனி நகரவே இல்லை. கைக்குட்டையின் ஓரத்தைப் பிரித்து நூல் நூலாக மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தார். சொன்னால் சோதனை கெட்டுவிடும். மிஷின் ஊமையாக நின்றுவிட்டால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற யோசனை அப்புறம்தான் வந்தது, வந்தபின் போகவில்லை.

பன்னிரண்டு மணிக்கு காஜா மைதீன் ஒரு பொத்தானை அழுத்தினார். முதலில் மணல் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு ஒரு பையன் பேசினான்.

"யம்மா, வண்டி பஞ்சரு. வர நேரமாவும். நீ சாப்ட்டுட்டுப் படு. கதவ உள்ளப் பூட்டிராத, போன தடவ..."

அங்கே அறுந்துபோனது. ஜெபக்கனி அழவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். இன்னொரு தடவை கேட்டுவிட்டு, "பஞ்சருங்கிறத அவன் அப்படித்தான் இழுப்பான்" என்றாள், யாரிடமும் என்றில்லாமல்.

மாசானம் எழுந்து நின்றார். "இது பொய்யி தாயி. நான் கொடுத்தது எங்க வீட்டு வெதையே இல்ல. நேத்து சந்தையில ஒரு கூறு வாங்கிட்டு வந்தேன். அதுல ஒம் மவன் எப்படிப் பேசுவான்?"

ஜெபக்கனி அவரைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார். அது கோபமாக இல்லை. காஜா மைதீன் கோபப்படவும் இல்லை, மழுப்பவும் இல்லை. எந்தச் சந்தை, எந்த ஊர்க்காரி என்று கேட்டார். பொட்டலத்தை வாங்கினபின் வெளியாருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டார். பொம்பளைகள் மாற்றிக்கொள்வார்கள், அது வழக்கம் என்றார் மாசானம்.

"அப்ப சரியாத்தான் இருக்கு பெரியவரே" என்றார் காஜா மைதீன். "பதினாலு கட்டடத்துல வெதை சுத்தியிருக்கு. மாடிக்கு மாடி தேனீ போவும். ஒரு வெண்டிப் பூவுல உக்காந்துட்டு அடுத்த வீட்டு வெண்டியில உக்காரும். உங்க ஆளுக மிச்ச வெதையச் சந்தைக்காரிக்குக் குடுத்திருப்பாங்க. அஞ்சு வருசம். இன்னைக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த வெண்டியப் பொளந்தாலும் யாராவது ஒருத்தர் துண்டு துண்டா இருப்பாங்க. பாதிப் பேச்சு அறுந்துபோனது அதனாலதான்."

"அப்ப ஊர் பூரா எம் பிள்ளையத் தின்னுருக்கு" என்றாள் ஜெபக்கனி மெதுவாக. மடியில் கிடந்த நூலைத் தட்டிவிட்டு, "நானுந்தான் வாங்கியிருப்பேன். புளிக்கொழம்பு வச்சிருப்பேன்" என்றாள்.

மாசானம் காஜா மைதீன் சொன்னதில் ஓட்டை தேடினார். தேனீ வருவது உண்மை. பொன்னுத்தாய் கைமாற்றினதும் உண்மை. ஓட்டை இல்லாத பேச்சு என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. முளைத்த பத்து விதையைப் பார்த்தபோது வந்த அதே எரிச்சல்.

காஜா மைதீன் ஒரு படிவத்தை எடுத்து ஜெபக்கனி முன்னால் வைத்தார். கேட்டது தன் மகன் குரல்தான் என்று அவள் கையெழுத்துப் போட்டால் அதை நகலெடுத்துத் தந்துவிடுவார்கள். அவள் பேனாவை எடுத்தாள். மாசானம் படிவத்தின் மேல் கையை வைத்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் காஜா மைதீனையே முழுதாக வாசிக்கச் சொன்னார்.

"நாலாவது வரிய இன்னொரு வாட்டி வாசியும்."

"பதிவு உறுதிசெய்யப்பட்ட விதை வகை எங்கு காணப்பட்டாலும் நிறுவனத்தின் காப்பின்கீழ் வரும்."

"காப்புன்னா?"

"அனுமதி இல்லாம அந்த வெதைய யாரும் எடுத்து வைக்கக் கூடாது. கைமாத்தக் கூடாது. வேணுங்கிறவங்க நிறுவனத்துக்கிட்ட வாங்கிக்கிடணும்."

"எங்க வெண்டியா?"

"பதிவு இருக்கிற வெண்டி."

"இப்பத்தான சொன்னீரு, எந்த வெண்டியப் பொளந்தாலும் இருக்குன்னு."

காஜா மைதீன் ஸ்வெட்டரின் கையை இழுத்து விட்டுக்கொண்டார். தான் மிஷின் பார்க்கிறவன்தான், படிவம் மேலிடத்திலிருந்து வருகிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் மாசானத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

சும்மா கொடுத்ததன் விலை அங்கே நாலாவது வரியில் இருந்தது. மாசானத்துக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. ஐந்து வருஷமாகத் தேடின குற்றம் அகப்பட்டுவிட்டது. அவர் ஜெபக்கனியின் பக்கம் திரும்பினார். இந்தக் கையெழுத்துக்குத்தான் சத்தம் போட்டுக் காட்டுகிறார்கள், இது அவன் குரலாகவே இருக்கட்டும், இதில் ஒப்பமிட்டால் நாளைக்குப் பதினான்கு கட்டடத்திலும் ஒருத்தி ஒரு கை விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போக முடியாது என்று, தெரிந்த வார்த்தைகளில் சொன்னார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். "நீங்க சொல்லுதது வெளங்குது அண்ணாச்சி" என்றாள். "எனக்கு வேற எங்க கெடைக்கும், அதச் சொல்லுங்க."

நல்ல விதை எங்கே கிடைக்கும், சகாயமாக எங்கே கிடைக்கும் என்று எத்தனையோ பேர் அவரிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். எங்கே கிடைக்காது என்றாவது சொல்லி அனுப்புவார். இதற்கு அதுகூடச் சொல்ல முடியவில்லை.

அவள் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, தையல் போடுகிற மாதிரி. பிறகு, "இன்னும் ரெண்டு பேச்சு இருக்கு. ஒங்க மடியில இருக்கதுல இருக்குமா?" என்று கேட்டாள். முடிச்சை அவர் கை தடவிக்கொண்டே இருந்ததை அவள் காலையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

கொடுத்தால் அவர் வீட்டுத் தொட்டியும் ஏட்டில் ஏறும். கொடுக்காவிட்டாலும் ஏறும், கையெழுத்து ஆகிவிட்டது. இதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை மடியைவிட்டு எழ மறுத்தது. காஜா மைதீன் ஒரு தட்டை நகர்த்தி வைத்தார். மாசானம் அந்தத் தட்டைப் பார்க்கவே இல்லை. முடிச்சை அவிழ்த்து, விதையை ஜெபக்கனியின் உள்ளங்கையில் கொட்டினார். நாலைந்து தரையில் உருண்டது.

"இது வெண்டி வெத. இதுக்குள்ள அவன் இருக்கான்னு நான் சொல்லல. மிஷினுல போடுதியோ மண்ணுல போடுதியோ, ஒம் பாடு" என்றார்.

செருப்பைத் தேடி மாட்டினார். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் வெயில் முகத்தில் அடித்தது. கதவு மெதுவாகத்தான் மூடும் ரகம். அந்த இடுக்கு வழியாக, மிஷினின் மூடி திறக்கிற சத்தமும், இதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று காஜா மைதீன் சொல்வதும், காத்திருக்கிறேன் என்று அவள் சொல்வதும் கேட்டது.

மாசானமும் காத்திருந்திருக்கலாம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பையன் பேசினால் என்ன ஆகிவிடும்? பேச வைப்பார்கள். பேசாவிட்டாலும், நம்பட்டும் என்று பேசாமல் வைப்பார்கள். எதைக் கேட்டாலும் அவர் மனசு ஒப்பப் போவதில்லை.

எதிர்ப்புறம் ஒருத்தி தள்ளுவண்டியில் காய் விற்றுக்கொண்டிருந்தாள். கத்தரி, முருங்கை, நடுவில் ஒரு கூறு வெண்டைக்காய். அவர் ஒரு வெண்டையை எடுத்து நுனியை ஒடித்தார். பட்டென்று ஒடிந்தது. வாங்குகிறீரா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று கூறிலேயே வைத்துவிட்டு, ஒடித்த நுனியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.